கட்டியை எடுத்த பிறகு எலும்பில் இருக்கும் குழி: எதை வைத்து நிரப்புவது?

தீங்கற்ற எலும்புக் கட்டி என்று பயாப்சி முடிவு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் திரும்பி வரும். புற்றுநோய் இல்லை, அது போதும். ஆனால் அடுத்த சந்திப்பில் மருத்துவர் வேறொரு பேச்சை எடுப்பார். "கட்டியைச் சுரண்டி எடுத்தால் உள்ளே குழி இருக்கும். சிமெண்ட் வைக்கலாம், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம், செயற்கைத் துகள்களும் இருக்கின்றன." எது நல்லது என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். நான்கும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

எல்லாக் குழிக்கும் பொருந்தும் பொருள் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு பயத்துக்கு விடையாக வந்தது. பயங்கள் மூன்று: கட்டி திரும்பி வருமா, எலும்பு ஒடியுமா, பக்கத்து மூட்டு தேயுமா. உங்கள் எலும்பில் இந்த மூன்றில் எது பெரியது என்று தெரிந்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். பொருளின் பெயரையும் விலையையும் அப்புறம் பேசலாம்.

நிரப்புவதற்கு முன்னால்

கட்டி திரும்பாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் சுரண்டிய விதம். நிரப்பிய பொருளின் பங்கு அதற்குப் பின்னால்தான் வரும். சொத்தைப் பல்லைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மேலே எவ்வளவு நல்ல பொருளை வைத்து அடைத்தாலும் வலி திரும்புமல்லவா, அதே கதைதான்.

எலும்பில் சின்ன ஓட்டை போட்டு, க்யூரெட் என்ற கரண்டியை உள்ளே விட்டுத் துழாவினால் ஓட்டையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் மூலைகள் கண்ணில் படாது. அதனால் கட்டியின் அளவுக்குக் கிட்டத்தட்ட ஈடான ஜன்னல் ஒன்றை எலும்பில் வெட்டி, எல்லாச் சுவரும் நேராகத் தெரியும்படி வைத்துக்கொண்டு சுரண்டுவார்கள். பிறகு வேகமாகச் சுழலும் பர் கருவியால் சுவரை இன்னும் சில மில்லிமீட்டர் தேய்த்து எடுப்பார்கள். மிச்சமிருக்கும் செல்களைக் கொல்லப் பீனால், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆல்கஹால், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துவதும் உண்டு.

இதன் பலன் ஜெயன்ட் செல் ட்யூமரில் நன்றாகத் தெரிகிறது. இது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்காரர்களுக்கு, அதிகமாக முழங்காலைச் சுற்றியும் மணிக்கட்டுக்கு அருகிலும் வரும் கட்டி. பெயருக்குத்தான் தீங்கற்றது; இருக்கும் இடத்தில் அடாவடி செய்யும். வெறுமனே சுரண்டி எடுத்த பழைய காலத்தில் நான்கில் ஒருவருக்காவது, சில மருத்துவமனைகளின் கணக்கில் பாதிப் பேருக்கும் கூட, கட்டி திரும்பி வந்திருக்கிறது. பர் கருவியும் மற்றவையும் வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் நன்றாகச் சுத்தம் செய்வதற்கு ஒரு விலை உண்டு. ஜன்னல் பெரிதாகப் பெரிதாக எலும்பின் பலம் குறையும், முக்கியமாக முறுக்கும் விசைக்கு. (ஜன்னலின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்து வெட்டுவது இதற்காகத்தான், கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும்.) திரவ நைட்ரஜன் கட்டியோடு சேர்த்துச் சுற்றியுள்ள எலும்பையும் சாகடிப்பதால், மாதங்கள் கழித்தும் முறிவு வரலாம். ஆக, நிரப்பும் பொருள் எவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்பதை முந்தைய படியே தீர்மானித்துவிடுகிறது.

அளவும் ஏமாற்றும். உருண்டையான குழி என்று வைத்துக்கொண்டால் 2 செ.மீ. குறுக்களவுக்கு சுமார் 4 மில்லி பொருள் போதும். 3 செ.மீ. என்றால் 14 மில்லி. 5 செ.மீ. என்றால் 65 மில்லி. எக்ஸ்ரேயில் பார்க்க "கொஞ்சம் பெரிது" என்று தோன்றும் வித்தியாசம், நிரப்பும் நேரத்தில் பல மடங்காகிவிடும்.

எதையும் வைக்காமல் விடுவது

இதை ஒரு தேர்வாகவே பலர் நினைப்பதில்லை. "குழியை அப்படியே விட்டுவிட்டார்களாம்" என்று கேட்டால் மருத்துவர் ஏதோ வேலையைப் பாதியில் நிறுத்தியது போலத் தோன்றும். உண்மையில் சுரண்டிய குழியில் ரத்தம் தேங்கி உறைந்து, அதிலிருந்தே புதிய எலும்பு வளர முடியும். விரல் எலும்புகளில் வரும் என்காண்ட்ரோமா என்ற குருத்தெலும்புக் கட்டிகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. நிரப்பியவர்களுக்கும் நிரப்பாதவர்களுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழி சின்னது, பாரம் சுமக்காத எலும்பு, சுற்றுச்சுவர் திடமாக இருக்கிறது என்றால் இதுதான் என் முதல் விருப்பம். எதையும் வைக்காவிட்டால் அந்தப் பொருளால் வரும் சிக்கல் எதுவும் வராதே.

தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழேயும் உள்ள பெரிய குழிகளையும் இப்படி விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பலருக்கு எலும்பு கூடியும் இருக்கிறது. ஆனால் குழி பெரிதாகப் பெரிதாக முறிவும் கூடுகிறது. மாதக்கணக்கில் ஊன்றுகோலோடு காலில் பாரம் போடாமல் இருக்கத் தயாராக இருப்பவருக்குத்தான் அது சரிப்படும்.

சொந்த எலும்பு

நிரப்பும் பொருட்களில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து எடுக்கும் பஞ்சு போன்ற எலும்பில் எலும்பை உருவாக்கும் செல்கள் உண்டு, அவற்றைத் தூண்டும் புரதங்கள் உண்டு, புதிய எலும்பு படர்வதற்கான சட்டகமும் உண்டு. மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது வேறு எதிலும் இல்லை. நிராகரிப்பு கிடையாது, நோய் தொற்றும் கவலை கிடையாது. ஓரிரு வருடங்களில் வைத்தது எது, இருந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கலந்துவிடும்.

குறை, அது வரும் இடத்தில் இருக்கிறது. இடுப்பின் முன்பக்கத்திலிருந்து எளிதாக எடுக்க முடிவது சுமார் 20, 30 மில்லிதான், 5 செ.மீ. குழிக்கு அது பாதிகூடக் காணாது. எடுத்த இடத்தில் வலி இருக்கும். சிலருக்கு அது கட்டி இருந்த இடத்து வலியைவிட அதிக நாள் நீடிக்கும். தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. அது சேதமானால் அங்கே மரத்துப்போகும், இல்லையென்றால் எரியும்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் உண்டு. கட்டியைச் சுரண்டிய அதே கருவியையும் கையுறையையும் வைத்து இடுப்பிலிருந்து எலும்பு எடுத்தால், கட்டிச் செல்கள் இடுப்பில் போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஜெயன்ட் செல் ட்யூமரில் அப்படி நடந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால் எலும்பை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் கருவி, கையுறை, மேல்துணி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு எடுப்பார்கள். இதை நோயாளி கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொந்த எலும்பு என்றால் எப்போதும் உயர்ந்தது என்ற நம்பிக்கையை உடைக்கும் நோய் ஒன்று இருக்கிறது: ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. இதில் எலும்புக்குள் நார்த்திசு வளர்ந்து எலும்பை மென்மையாக்கும். தொடை எலும்பின் கழுத்தில் வந்தால் நாளாக நாளாக எலும்பு வளைந்து, மேய்ப்பன் கோல் போன்ற வடிவத்துக்கு வந்துவிடும். அந்தக் குழியில் இடுப்பிலிருந்து எடுத்த பஞ்சு எலும்பை வைத்தால் முதல் வருட எக்ஸ்ரே அழகாக இருக்கும். பிறகு உடல் அதைக் கரைத்து, அந்த இடத்தில் மறுபடியும் நோயுள்ள எலும்பையே கட்டிவிடும். உயிருள்ள எலும்பு சீக்கிரம் கலந்துவிடும் என்ற அதன் பெருமையே இங்கே அதற்கு எதிராகத் திரும்புகிறது. அதனால் இந்த நோயில் மெதுவாகக் கரையும் கெட்டியான எலும்புத் தண்டை, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பையோ தானமாக வந்த தண்டையோ, ஊன்றுகோல் போல உள்ளே செருகுவார்கள். கூடவே எலும்புக்குள் கம்பியோ பிளேட்டோ வைத்துப் பாரத்தை அதன்மேல் ஏற்றுவார்கள்.

தானமாக வந்த எலும்பு

எலும்பு வங்கிகளில் இரண்டு வழியாக எலும்பு வந்து சேரும்: இறந்தவர்களின் தானம், அப்புறம் இடுப்பு மூட்டு மாற்றும்போது வெட்டி எடுக்கும் தொடை எலும்பின் தலை. ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் சோதனைகள் செய்து, மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே உறைய வைப்பார்கள். உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி உலர்த்திய துகளாகவும் கிடைக்கும். அதைச் சாதாரண அறை வெப்பத்திலேயே வைத்திருக்கலாம். பல வங்கிகள் காமா கதிர்களால் கிருமி நீக்கமும் செய்கின்றன. அதில் பாதுகாப்பு கூடும், எலும்பின் பலம் கொஞ்சம் குறையும்.

அளவுக்குத் தட்டுப்பாடு இல்லை, இன்னொரு காயமும் இல்லை. ஆனால் இதில் உயிருள்ள செல் இல்லை. சட்டகம் மட்டும்தான். உடல் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்து பழைய எலும்பைக் கரைத்துப் புதியதை வைக்க வேண்டும். பெரிய குழியின் நடுப்பகுதி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். இளம் வயதில், சுவர் நன்றாக இருக்கும் நடுத்தரக் குழிக்கு நல்ல தேர்வு. சொந்த எலும்பு கொஞ்சமும் தானமாக வந்தது நிறையவும் கலந்து வைப்பது இன்னும் நல்லது. நோய் பரவும் ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சிமெண்ட்

பெயரைக் கேட்டதும் கட்டடச் சிமெண்ட் நினைவுக்கு வரும். இது வேறு. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக். பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவு போலாகி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாக இறுகும். ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய எலும்பு மருத்துவர் 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டை எலும்பில் பொருத்த இதைப் பயன்படுத்தினார். அதன் பிறகுதான் கட்டி எடுத்த குழிகளுக்கும் இது வந்தது.

இதன் முதல் பலன், காத்திருக்க வேண்டியதில்லை. எலும்புச் சிமெண்டுக்கான ஐஎஸ்ஓ 5833 என்ற சர்வதேசத் தரம் குறைந்தது 70 மெகாபாஸ்கல் அழுத்த வலிமை கேட்கிறது. முழங்கால் மூட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு எலும்பைவிட அது பல மடங்கு. குழியின் எல்லா மூலைக்கும் மாவு போலப் பாய்ந்து இறுகுவதால், எலும்பு வைத்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாங்கி நடக்க வேண்டிய ஒருவர், சிமெண்ட் வைத்தால் சில நாட்களிலேயே காலை ஊன்றலாம். குடும்பம் அவர் சம்பாத்தியத்தில் ஓடுகிறது என்றால் இதன் எடை எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பலன் சூடு. இறுகும்போது சிமெண்ட் வெப்பத்தை வெளிவிடும். 47 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படுகிறது என்று 1983இல் முயல்களில் செய்த ஆய்வொன்று காட்டியது. பெரிய சிமெண்ட் உருண்டையின் ஓரத்தில் அதைவிட அதிக வெப்பம் வரலாம். அந்தச் சூடு சுவரில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒளிந்திருக்கும் கட்டிச் செல்களையும் கொல்லும் என்பது நம்பிக்கை. ஜெயன்ட் செல் ட்யூமரில் சிமெண்ட் வைத்தவர்களுக்கு, எலும்பு வைத்தவர்களைவிடக் கட்டி குறைவாகவே திரும்புகிறது என்று பல நோயாளிகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்புகள் சொல்கின்றன. அது சூட்டின் வேலையா, சிமெண்ட் வைக்கும் மருத்துவர்கள் குழியையும் நன்றாகத் தேய்ப்பவர்களாக இருப்பதாலா என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இரண்டாவது காரணத்தின் பங்கு பெரிது என்று படுகிறது. சூட்டை நம்பிச் சுரண்டலைக் குறைக்க முடியாது என்பதில் மட்டும் வாதமே இல்லை.

மூன்றாவது பலனைத்தான் நோயாளிகளிடம் யாரும் சரியாக விளக்குவதில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சிமெண்டில் பேரியம் சல்பேட் அல்லது சிர்கோனியம் கலந்திருக்கும். அதனால் குழி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கட்டி திரும்பி வந்தால் அந்த வெள்ளையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு இடைவெளி விழும். சூடு பட்ட எலும்பால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் சீரான கோடு ஒன்று முதல் மாதங்களில் வருவது இயல்பு. அது ஒரு பக்கமாக அகன்றுகொண்டே போனால்தான் கவலை. எலும்பு வைத்த குழியில் இந்த வசதி இல்லை. வைத்த எலும்பு கரைவதும் கட்டி வளர்வதும் எக்ஸ்ரேயில் ஒன்று போலவே இருக்கும். பல மாதம் சந்தேகத்தோடு காத்திருக்க வேண்டி வரும், இல்லையென்றால் மறுபடி பயாப்சி. கட்டி திரும்ப வாய்ப்புள்ள நோயில் இந்த ஒரு காரணத்துக்காகவே சிமெண்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது நியாயமான காரணம்தான்.

குறைகளுக்கு வருவோம். சிமெண்ட் ஒருநாளும் எலும்பாகாது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு வைத்தால் அடுத்த ஐம்பது வருடமும் அது அந்நியப் பொருளாகவே உள்ளே இருக்கும். நசுக்கினால் தாங்கும், வளைத்தால் விரிசல் விடும். அதனால் பெரிய குழிகளில் ஸ்க்ரூ, கம்பி அல்லது பிளேட் சேர்த்து வைப்பார்கள். இறுகுவதற்கு முன் ரத்தத்தில் கலக்கும் திரவத்தால் சில சமயம் ரத்த அழுத்தம் இறங்கும். மயக்க மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார்.

பெரிய கவலை மூட்டு. முழங்கால் குருத்தெலும்புக்கு அடியில் மிச்சமிருக்கும் எலும்புத் தகடு சில மில்லிமீட்டர்தான் என்றால், அதன் கீழே நேராகச் சிமெண்டை வைப்பது சரியில்லை. சூடு குருத்தெலும்பைச் சுடும். பிறகு ஒவ்வொரு அடியிலும் சிமெண்டின் விறைப்பு அதை அடியிலிருந்து இடிக்கும். வருடங்கள் போகப் போக மூட்டுத் தேய்மானம் வரலாம். இதற்கு வந்த தீர்வுதான் அடுக்கு முறை. குருத்தெலும்புக்கு அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு எலும்பை வைத்து, அதன்மேல் தேவைப்பட்டால் ஜெலாட்டின் பஞ்சுப் படலம் ஒன்றைப் பரப்பி, மிச்சக் குழியைச் சிமெண்டால் நிரப்புவது. மூட்டருகே உயிருள்ள எலும்பு, மீதியில் உடனடிப் பலம். முழங்கால் ஜெயன்ட் செல் ட்யூமருக்கு இன்று பல இடங்களிலும் செய்வது இதுதான். ஒரே பொருளைத் தேடி அலையத் தேவையில்லை என்பதற்கும் இது நல்ல உதாரணம்.

எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத குழந்தைகளுக்கு, தட்டுக்கு அருகே சிமெண்ட் வைப்பதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். அந்தச் சூடு தட்டைக் கெடுத்தால் கால் நீளமே மாறிவிடும்.

செயற்கைத் துகள்கள்

இதில் பழையது, சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம், அதாவது மாவுக்கட்டுக்குப் போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 1892இலேயே ட்ரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளில் இதை வைத்தார். இன்று கால்சியம் சல்பேட் குளிகைகளாகக் கிடைக்கிறது. ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடும். எலும்பு அத்தனை வேகமாக வளராது என்பதுதான் சிக்கல். பெரிய குழியில் இது போன பிறகு நடுவில் மறுபடி வெற்றிடம்தான். சிலருக்குக் காயத்திலிருந்து வாரக்கணக்கில் தெளிவான நீர் வடியும். கிருமி இருக்காது, ஆனால் பார்க்கிறவருக்குச் சீழ் என்ற பயம் வந்து, தேவையில்லாத ஆன்டிபயாடிக் தொடங்கிவிடும். இது வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிம்மதி.

அடுத்தது கால்சியம் பாஸ்பேட் குடும்பம். ட்ரைகால்சியம் பாஸ்பேட் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் கரைந்து எலும்புக்கு இடம் விடும். ஹைட்ராக்ஸிஅபடைட் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. எக்ஸ்ரேயில் பல வருடம் வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் கலந்து செய்த துகள்கள்தான் அதிகம் புழக்கத்தில் உள்ளன. நல்ல சட்டகம், அளவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் துகளாக இருக்கும்வரை பாரம் தாங்காது. அதுவரை பிளேட்டோ ஊன்றுகோலோ தேவை. இதே குடும்பத்தில் பசையாகச் செலுத்தி உள்ளேயே இறுகும் வகையும் உண்டு. சூடு எழாது என்பதால் மூட்டருகே வைக்கலாம். வளைக்கும் விசைக்கு எளிதில் நொறுங்கும்.

பயோஆக்டிவ் கண்ணாடியை 1969இல் லாரி ஹெஞ்ச் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கினார். எலும்போடு நேரடியாகப் பிணையும் கண்ணாடி. அதோடு சுற்றியுள்ள காரத்தன்மையைக் கூட்டிக் கிருமிகளையும் தடுக்கும். எஸ்53பி4 என்ற வகையைச் சொந்த எலும்போடு ஒப்பிட்டு, தீங்கற்ற கட்டிக் குழிகளில் பின்லாந்தில் பல வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் கரைவது மிக மெதுவாக. வருடங்கள் கழித்தும் கண்ணாடித் துகள் எக்ஸ்ரேயில் தெரியும்.

இந்த வரிசையில் ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதம் முதுகெலும்பு அறுவை சிகிச்சையிலும் மோசமான முறிவுகளிலும் பயன்படுகிறது. கட்டி இருந்த இடத்துக்கு அருகே வைக்கக் கூடாது என்று அதன் பயன்பாட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. செல்களை வளரச் சொல்லும் மருந்தைக் கட்டி எடுத்த குழியில் வைப்பதில் உள்ள ஆபத்து விளங்குவதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

சரி, யாருக்கு எது?

விரலில் சின்ன என்காண்ட்ரோமா: சுரண்டிவிட்டு அப்படியே விடலாம், மனம் கேட்காவிட்டால் கொஞ்சம் செயற்கைத் துகள். இதற்காக இடுப்பில் கத்தி வைக்கத் தேவையே இல்லை.

பத்து வயதுப் பையன், தோள்பட்டைக்குக் கீழே எளிய எலும்பு நீர்க்கட்டி, பந்தெறியும்போது ஒடிந்துதான் தெரியவே வந்தது. இதில் பெரிய அறுவை சிகிச்சையில் அவசரம் காட்டக் கூடாது. முதலில் முறிவு கூடட்டும். ஸ்டீராய்டு ஊசி போடும் முறை 1970களிலிருந்து இருக்கிறது. ஊசித் துளை வழியாகவே சுரண்டி, செயற்கைத் துகளை நிரப்பும் முறைகளும் உண்டு. கை என்பதால் பாரம் குறைவு. வயது ஏற ஏற இந்த நீர்க்கட்டி தானாகவே அடங்கும். தொடையின் கழுத்தில் இதே கட்டி இருந்தால் கதை வேறு. அங்கே ஒடிந்தால் தொடைத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே கெடலாம். முன்கூட்டியே நிரப்பிக் கம்பி வைப்பதுதான் அறிவு.

அனியூரிஸ்மல் போன் சிஸ்ட் என்ற ரத்தம் நிரம்பிய எலும்புக் கட்டியில் எதை நிரப்புகிறோம் என்பதைவிட எவ்வளவு நன்றாகச் சுரண்டினோம் என்பதே பேசும். பாலிடோகனால் போன்ற மருந்தைச் சில முறை ஊசியாகச் செலுத்தியே ஆற வைப்பதும் இப்போது நடக்கிறது. குழி நிரப்பும் கேள்வியே அங்கே எழாமல் போகும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் இது ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள்.

பதினாறு வயதில் மூட்டை ஒட்டி வரும் காண்ட்ரோபிளாஸ்டோமா என்ற குருத்தெலும்புக் கட்டியில் மூட்டுதான் முதல் கவலை. குழியும் பெரும்பாலும் சிறியது. சொந்த எலும்பு இங்கே நன்றாகப் பொருந்தும்.

முப்பது வயது, முழங்காலுக்கு மேலே 6 செ.மீ. ஜெயன்ட் செல் ட்யூமர். மூன்று பயமும் ஒன்றாக வரும் இடம் இது. நன்றாகத் தேய்த்து, மூட்டுக்கு அடியில் எலும்பு, மீதியில் சிமெண்ட், தேவையானால் பிளேட். என் மனம் சாயும் பக்கம் அதுதான். இங்கே டெனோசுமாப் என்ற ஊசியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013இல் அமெரிக்காவில் இந்தக் கட்டிக்கு அனுமதி கிடைத்தது. கட்டியைச் சுற்றிக் கெட்டியான எலும்பு ஓடு ஒன்றை உருவாக்கி அறுவை சிகிச்சையை எளிதாக்குவது போலத் தோன்றும். ஆனால் அந்த ஓட்டுக்குள்ளேயே கட்டிச் செல்கள் ஒளிந்துகொள்கின்றன. ஊசி போட்டுவிட்டுச் சுரண்டியவர்களுக்குக் கட்டி அதிகம் திரும்பியதாகப் பல தொகுப்புகள் வந்திருக்கின்றன. எலும்பையே வெட்டி எடுக்க வேண்டிய நிலையிலும், கத்தி வைக்க முடியாத இடத்திலும்தான் அதற்குத் தெளிவான பயன்.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தருமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. குழி எத்தனை மில்லி இருக்கும்? மூட்டுக் குருத்தெலும்புக்கு அடியில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம்? இந்த நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு? காலை எப்போது ஊன்றலாம்? இந்த நான்கும் தெரிந்தால் அவர் ஏன் ஒரு பொருளைச் சொல்கிறார் என்பது தானாகவே விளங்கும். பதில் "நான் எப்போதும் இதுதான் வைப்பேன்" என்று வந்தால், எலும்புக் கட்டிகளையே தனியாகப் பார்க்கும் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள் எடுக்கும் எக்ஸ்ரேயைத் தொலைக்காதீர்கள். பின்னால் வரும் எல்லாப் படத்தையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். ஜெயன்ட் செல் ட்யூமர் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் திரும்பும். அதனால் அந்தக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒரு முறை படம் எடுக்கச் சொல்வார்கள். அபூர்வமாக நுரையீரலுக்கும் பரவும் கட்டி என்பதால் நெஞ்சுப் படமும் அதில் சேரும். வலி இல்லை, நன்றாக நடக்கிறேன் என்று பலர் விட்டுவிடும் சோதனை அதுதான்.